டிரைவர்ல ஸ்லைஸ், அயர்ன்ல ஃபேட் ஷாட்: எந்த டிரெய்னிங் எய்ட் வாங்கறது?

நீங்க கேட்டதை சுருக்கமா எடுத்துக்கறேன். கோல்ஃப் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு, டிரைவர் (தூரமா அடிக்கற பெரிய தலை கிளப்) எடுத்தா பந்து ரைட் பக்கம் வளைஞ்சு வெளிய போகுது, அதாவது ஸ்லைஸ், அயர்ன் (மெலிசான இரும்புத் தலை கிளப்) எடுத்தா பந்தைத் தொடறதுக்கு முன்னாடியே கிளப் தரையில இடிச்சு பந்து பாதி தூரத்துல விழுந்துடுது, அதாவது ஃபேட் ஷாட், போனைத் திறந்தா விதவிதமா டிரெய்னிங் எய்ட் (பழகறதுக்கு உதவற சாதனம்) விளம்பரம் வருது, இதுல எதை வாங்கினா ஸ்விங் சரியாகும்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். இந்த ரெண்டு பிரச்சினைக்கும் இப்போ உங்களுக்கு வேண்டியது ஒரு பவுடர் ஸ்பிரே, ஒரு டவல், ரெண்டு அலைன்மென்ட் ஸ்டிக் (நேரா நிக்கறோமான்னு பார்க்கத் தரையில போடற குச்சி), உங்க போன் கேமரா. இதை வச்சு ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணிட்டு, அப்பவும் டெம்போ (ஸ்விங்கோட தாளம்) அவசரமாவே இருந்தா வளையற ஷாஃப்ட் (தண்டு) உள்ள ஸ்விங் டிரெய்னர் ஒண்ணு வாங்கலாம். கையைக் கட்டற ஸ்ட்ராப், நடுவுல மடங்கற கிளப், பெரிய வளையத்துக்குள்ள ஸ்விங் பண்ண வைக்கற மெஷின் எல்லாத்தையும் இப்போதைக்கு விட்டுடுங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சா அடுத்து எந்த விளம்பரம் வந்தாலும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

மார்க்கெட்ல இருக்கற எய்ட் எல்லாத்தையும் ரெண்டா பிரிக்கலாம். ஒரு வகை, நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குச் சொல்லும். இன்னொரு வகை, நீங்க தப்பு பண்ண முடியாதபடி உங்களைப் பிடிச்சுக்கும். கிளப்ஃபேஸ்ல, அதாவது கிளப்ல பந்து படற பக்கத்துல அடிச்ச பவுடர் முதல் வகை, பந்து எங்க பட்டுதுன்னு காட்டிட்டு சும்மா இருக்கும். மணிக்கட்டு மடங்காம இறுக்கிக் கட்டற பிரேஸ் ரெண்டாவது வகை. கட்டிக்கிட்டு அடிக்கும்போது ரெண்டாவது வகைதான் பிரமாதமா தெரியும், பந்து நேரா போகும், ஆஹா பிரச்சினை தீர்ந்துதுன்னு தோணும், கழட்டிட்டு அடிச்சா பழைய ஷாட் அப்படியே திரும்பி வந்துடும். சின்னப் புள்ளையோட கையைப் பிடிச்சு ‘அ’ எழுத வைக்கற மாதிரிதான் இது, பிடிச்சிருக்கற வரைக்கும் எழுத்து அழகா வரும், ஏன்னா எழுதறது நம்ம கை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. உடலசைவைக் கத்துக்கறது பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இதை ரொம்ப நாளா பேசிட்டு இருக்காங்க. சால்மனி, ஷ்மிட், வால்ட்டர்னு மூணு பேர் 1984ல எழுதின கட்டுரை இந்த விஷயத்துல முக்கியமானது. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனே உடனே வெளியில இருந்து தகவல் கிடைச்சுக்கிட்டே இருந்தா அந்த நேரத்துல நல்லா பண்ணுவோம், ஆனா அதையே நம்பி நின்னுடுவோம், அது இல்லாதப்போ ஆட்டம் இறங்கிடும்ங்கறதுதான் அதோட சாரம். அதனால முதல் வகை எய்டைக்கூட முழு நேரமும் வச்சிருக்கக் கூடாது. கடைசியில எப்படி பிராக்டிஸ் பண்றதுன்னு சொல்லும்போது இதுக்குத் திரும்பி வர்றேன், ஏன்னா எது வாங்கறதுங்கறதைவிட அதுதான் முக்கியம்.

சரி, எய்டைத் தொடறதுக்கு முன்னாடி உங்க ஸ்லைஸ் எந்த ஸ்லைஸ்னு தெரிஞ்சாகணும். பந்தும் கிளப்ஃபேஸும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கற நேரம் கிட்டத்தட்ட அரை மில்லிசெகண்ட், ஒரு செகண்டை ரெண்டாயிரம் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. அந்த நேரத்துல ஃபேஸ் எந்தப் பக்கம் பார்க்குது, கிளப்ஹெட் எந்தப் பக்கம் போயிட்டிருக்கு, ஃபேஸ்ல எந்த இடத்துல பட்டுது, என்ன வேகம், கிளப் இறங்கிட்டிருக்கா ஏறிட்டிருக்கா, இவ்வளவுதான் பந்துக்குத் தெரியும். உங்க முழங்கை எங்க இருந்துது, பேக்ஸ்விங் டிவியில வர்றவங்க மாதிரி இருந்துதா, அதெல்லாம் பந்துக்குத் தெரியாது. இதைப் புரிஞ்சுக்காம எய்ட் வாங்கறவங்கதான் அதிகம்.

முன்னாடியெல்லாம் ஸ்விங் பாத், அதாவது கிளப்ஹெட் போற வழி, போற திசையில பந்து கிளம்பும், அப்புறம் ஃபேஸ் பார்க்கற பக்கம் வளையும்னு சொல்லிக் கொடுத்தாங்க. டிராக்மேன் மாதிரி ரேடார் வச்ச லாஞ்ச் மானிட்டர் (பந்தும் கிளப்பும் போறதை அளக்கற கருவி) வந்ததுக்கு அப்புறம் அது அப்படி இல்லைங்கறது கோச்சுங்க எல்லாருக்கும் தெளிவாச்சு. பந்து கிளம்பற திசையைப் பெரும்பாலும் ஃபேஸ்தான் தீர்மானிக்குது, டிரைவர்ல சுமார் 85 சதவீதம், அயர்ன்ல சுமார் 75 சதவீதம்னு கணக்கு வச்சுக்கலாம். ஃபேஸ் பார்க்கற திசைக்கும் பாத் போற திசைக்கும் இருக்கற வித்தியாசம்தான் வளைவைக் கொடுக்குது. நீங்க ரைட் ஹேண்ட்னு வச்சுக்கிட்டு சொல்றேன், பாத்தோட ஒப்பிட்டா ஃபேஸ் ரைட் பக்கம் திறந்திருந்தா பந்து ரைட்ல வளையும்.

அதனால அடுத்த தடவை ரேஞ்சுக்கு (பயிற்சி மைதானத்துக்கு) போனா பந்து எங்க போய் விழுந்துதுன்னு பார்க்காம, முதல்ல எங்க கிளம்புதுன்னு பாருங்க. லெஃப்ட்ல கிளம்பி ரைட்ல வளைஞ்சா பாத் ரொம்ப லெஃப்ட்ல போகுது, அதாவது வெளியில இருந்து உள்ள வெட்டறீங்க. கிளம்பும்போதே ரைட்ல கிளம்பி இன்னும் ரைட்ல வளைஞ்சா ஃபேஸ் ரொம்ப திறந்திருக்கு, பாத்தைப் பத்தி அப்புறம் பார்க்கலாம், கிரிப்பைத்தான் முதல்ல கவனிக்கணும். நேரா கிளம்பி வளைஞ்சா ஃபேஸ் கிட்டத்தட்ட சரி, பாத் லெஃப்ட்ல போகுது. மூணுக்கும் ஸ்லைஸ்னு ஒரே பேர்தான், ஆனா மருந்து வேற வேற, விளம்பரத்துல இந்த வித்தியாசத்தை யாரும் சொல்ல மாட்டாங்க.

டிரைவர்ல இன்னொரு காரணமும் இருக்கு, நிறைய பேர் இதைப் பார்க்கறதே இல்லை. டிரைவர் ஹெட் பெருசு, அதோட எடை மையம் ஃபேஸுக்கு நல்லா பின்னாடி இருக்கு, அதனால நடுவுல படாம ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் பக்கம் பட்டா ஹெட் லேசா திரும்பும், அந்தத் திருப்பம் பல்சக்கரம் மாதிரி பந்தை எதிர்ப்பக்கம் சுத்த வைக்கும், கியர் எஃபெக்ட்னு சொல்வாங்க. ஹீல்ல பட்டா ஸ்லைஸ் சுழற்சி கூடும், டோ பக்கம், அதாவது நுனிப் பக்கம் பட்டா டிரா சுழற்சி, லெஃப்ட்ல வளையறது, வரும். ஃபேஸும் பாத்தும் ஓரளவு நல்லா இருந்தும் ஹீல்லயே அடிச்சுக்கிட்டு இருக்கறதால மட்டும் ஸ்லைஸ் ஆகிட்டிருக்கலாம், அப்படிப்பட்டவர் பாத் மாத்தற எய்ட் வாங்கி மாசக்கணக்கா போராடினா என்ன பிரயோஜனம்.

இங்கதான் பவுடர் ஸ்பிரே வருது. ஷூக்குள்ள நாத்தம் போக அடிக்கற வெள்ளை பவுடர் ஸ்பிரே போதும், அதுக்குன்னு தனி ஸ்டிக்கரும் விக்கறாங்க, ஆனா ஸ்டிக்கர் கொஞ்சம் தடிமன்ங்கறதால அடிக்கற உணர்வு மாறும். டிரைவர் ஃபேஸ்ல ஒரு முழம் தள்ளி வச்சு மெலிசா ஒரு தடவை அடிங்க, மாவு பூசின மாதிரி கெட்டியா வேண்டாம். ஒரு பந்து அடிச்சா பட்ட இடத்துல வட்டமா பவுடர் போயிருக்கும், பந்தோட குழிக் குழி அச்சுகூட தெரியும். துடைக்காம அஞ்சு பந்து அடிச்சுட்டு ஃபேஸைப் பாருங்க. அஞ்சு வட்டமும் ஹீல் பக்கம் கூட்டமா இருந்தா பிரச்சினை என்னன்னு கையில கிடைச்சாச்சு. அஞ்சும் ஃபேஸ் முழுக்க சிதறியிருந்தா அது வேற கதை, பேலன்ஸோ டெம்போவோ ஆடுதுன்னு அர்த்தம். ஹீல்ல கூட்டமா இருக்கறவர் அடுத்ததா டீக்கு (பந்தை மேல வைக்கற சின்னக் குச்சிக்கு) வெளிப்பக்கம், உங்ககிட்ட இருந்து தள்ளி, ரெண்டு விரல் இடைவெளியில இன்னொரு டீ குத்திட்டு பந்து இல்லாம உள் டீயை மட்டும் தட்டிப் பழகலாம், அப்புறம் பந்து வச்சு, அப்புறம் திரும்ப பவுடர். வட்டம் நடுவுக்கு நகர ஆரம்பிச்சாலே வளைவு குறையறது கண்ணுக்குத் தெரியும். காசு செலவுக்குப் பலன்னு பார்த்தா இதைவிட நல்ல டிரெய்னிங் எய்ட் கிடையாதுங்கறது என் உறுதியான அபிப்ராயம்.

போன் கேமராவை எங்க வைக்கறீங்கங்கறதுல கவனமா இருங்க. பின்பக்கத்துல இருந்து எடுக்கறப்போ கேமரா உங்க கை உயரத்துக்கு இருக்கணும், பந்து போற கோட்டுக்கு இணையா, உங்க கைகளுக்கு நேர் பின்னாடி. ஒரு அடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தா நல்ல பாத்கூட தப்பா தெரியும், தப்பான பாத் நல்லா தெரியும், வீடியோவைப் பார்த்து இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட ஆரம்பிச்சுடுவீங்க. அலைன்மென்ட் ஸ்டிக்கைத் தரையில போட்டு அதோட நேரா கேமராவை வச்சுட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல இருந்து எடுக்கலாம். ஸ்லோ மோஷன்ல எடுங்க, டவுன்ஸ்விங் சுமார் கால் செகண்டுல முடிஞ்சுடும், சாதா வீடியோவுல கிளப் வெறும் கோடாத்தான் தெரியும்.

இப்போ ஸ்லைஸுக்கு வர்றேன். ஃபேஸ் திறந்திருக்கற ஆளா இருந்தா கிரிப்பைப் பாருங்க. லெஃப்ட் கையை வச்சுட்டு மேல இருந்து பார்த்தா ரெண்டு கணு தெரியணும், ரெண்டரை தெரிஞ்சாலும் தப்பில்ல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற வி வடிவம் ரைட் தோளைப் பார்க்கணும். புதுசா ஆடறவங்க முக்கால்வாசி பேர் ஒரு கணு மட்டும் தெரியற மாதிரி, கிளப்பை விரல்ல பிடிக்காம உள்ளங்கையில பிடிப்பாங்க. இதுக்கு விரல் அச்சு வச்ச கிரிப் டிரெய்னர் இருக்கு, பழைய கிளப்ல மாட்டி வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கும்போது பிடிச்சுப் பழகறதுக்கு நல்லது, பந்து அடிக்கறதுக்குத் தேவையில்ல. அச்சு வச்ச கிரிப் ரூல்ஸ்படி ஆட்டத்துல செல்லாது, அதனால நீங்க தினம் ஆடற கிளப்ல மாட்டிடாதீங்க. உங்க கை அளவு அந்த அச்சுக்குப் பொருந்தலைன்னா வலுக்கட்டாயமா விரலை உட்கார வைக்கவும் வேண்டாம், கணு எண்ணிப் பார்க்கறதே போதும்.

பாத் லெஃப்ட்ல வெட்டற ஆளா இருந்தா, முதல்ல ரெண்டு ஸ்டிக்கையும் எடுங்க. ஒண்ணு பந்துக்கு வெளியில இலக்கைப் பார்த்து, இன்னொண்ணு உங்க கால்விரல் பக்கத்துல அதுக்கு இணையா. நிறைய பேருக்கு இதுலயே ஒரு ஆச்சரியம் இருக்கு, இத்தனை நாளா நேரா நிக்கறோம்னு நினைச்சிருப்பாங்க, தோள் நல்லா லெஃப்ட்டைப் பார்த்துட்டிருக்கும், ஸ்லைஸ் ஆகுதேன்னு லெஃப்ட்ல நிக்கறது, லெஃப்ட்ல நின்னதால இன்னும் வெட்டறது, இப்படியே சுத்தி சுத்தி வரும். 200 யார்டு தூரத்துல 5 டிகிரி தப்பா பார்த்தாலே பந்து 17 யார்டு தள்ளிப் போகும், அதனால அலைன்மென்ட்டை சாதாரணமா எடுத்துக்காதீங்க.

அப்புறம் ஒரு காலி பந்து டப்பா. பந்துக்கு ஒரு அடி பின்னாடி, இலக்குக் கோட்டுக்கு வெளிப்பக்கம், கிளப்போட டோ போறதுக்கு ரெண்டு விரல் இடம் விட்டு வைங்க. வெளியில இருந்து வெட்டி வந்தா டப்பா பறக்கும், உள்ள இருந்து வந்தா தப்பிக்கும். முதல்ல 7 அயர்ன்ல அரை ஸ்விங், வேகம் இல்லாம. டப்பா மேல படாம பத்து ஷாட் வந்ததும் முக்கால் ஸ்விங், அப்புறம்தான் டிரைவர். இதே வேலைக்கு ஸ்டிக்கைச் சாய்ச்சு தரையில குத்தி வைக்கற பழக்கம் இருக்கு, அப்படி பண்றதா இருந்தா ஸ்டிக் மேல தடிமனான ஃபோம் குழாய் மாட்டாம பண்ணவே பண்ணாதீங்க, முழு வேகத்துல ஷாஃப்ட் அதுல மோதினா ஸ்டிக் உடைஞ்சு சில்லு பறக்கும், மணிக்கட்டும் போயிடும். நான் இதை ரேஞ்ச்ல யார் பண்ணாலும் போய் நிறுத்திடறேன்.

ஃபேட் ஷாட்டுக்கு டவல். ஸ்விங் ஒரு வளைவு, அந்த வளைவோட அடிமட்டம் எங்க இருக்குங்கறதுதான் விஷயம். அயர்ன்ல நல்லா ஆடறவங்களுக்கு அடிமட்டம் பந்துக்கு முன்னாடி, இலக்குப் பக்கம் சில இஞ்ச் தள்ளி இருக்கும், அதனால பந்தை முதல்ல தொட்டுட்டு அப்புறம்தான் புல் பேரும். உங்களுக்கு அது பந்துக்குப் பின்னாடி இருக்கு, பெரும்பாலும் எடை ரைட் கால்லயே தங்கிடறதாலயோ, பந்தைத் தூக்கி விடணும்னு மணிக்கட்டை முன்னாடியே சுண்டறதாலயோ வர்றது. டவலை நாலா மடிச்சு பந்துக்குப் பின்னாடி ஒரு சாண் தள்ளிப் போடுங்க, டவலைத் தொடாம அடிங்க. வந்துட்டா கொஞ்சம் கொஞ்சமா கிட்டக் கொண்டுவந்து நாலு இஞ்ச் வரைக்கும் வாங்க. அதைவிடக் கிட்ட வேண்டாம், பயத்துல செங்குத்தா வெட்ட ஆரம்பிச்சுடுவீங்க.

மேட்ல (செயற்கைப் புல் விரிப்புல) பிராக்டிஸ் பண்றவங்களுக்கு டவல் ரொம்ப ரொம்ப முக்கியம். பந்துக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி அடிச்சாலும் மேட் மேல கிளப் வழுக்கிட்டுப் போய் பந்தை நல்லாவே தூக்கிடும், நீங்களும் நல்ல ஷாட்னு நினைச்சுடுவீங்க, அதே ஸ்விங் புல்தரையில புதைஞ்சு நின்னுடும். ரேஞ்ச்ல நல்லா அடிக்கறேன் கோர்ஸ்ல மட்டும் ஃபேட் ஆகுதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் கதை இதுதான். டவல் அந்தப் பொய்யை உடனே காட்டிக் கொடுத்துடும்.

பங்கர் (கோர்ஸ்ல இருக்கற மணல் குழி) மணல் கிடைச்சா இன்னும் நல்லது. குச்சியால ஒரு கோடு இழுங்க, கோடு உங்க ஸ்டான்ஸுக்கு (கால் ரெண்டும் வச்சு நிக்கற நிலைக்கு) நடுவுல வர்ற மாதிரி நில்லுங்க, பந்து வேண்டாம், ஸ்விங் பண்ணுங்க. மணல் எங்க பேர ஆரம்பிக்குதுன்னு பாருங்க. கோட்டு மேலயோ அதுக்கு இலக்குப் பக்கமோ ஆரம்பிக்கணும். கோட்டுல ஒரு அடி நகர்ந்து அடுத்தது, திரும்ப நகர்ந்து அடுத்தது. முடிச்சுட்டு பின்னாடி வந்து நின்னு பார்த்தா உங்க அடிமட்டத்தோட சரித்திரமே வரிசையா மணல்ல எழுதியிருக்கும், நாலு கோட்டுக்குப் பின்னாடி, ரெண்டு முன்னாடி, ஒண்ணு மேலேன்னு. பந்து இல்லாததால எங்க போச்சோன்னு தலையைத் தூக்கற ஆசையும் வராது, அதனால உடம்பு இதைச் சீக்கிரமா பிடிச்சுக்கும்.

இம்பாக்ட் பேக் பத்தியும் எல்லாரும் கேக்கறாங்க, பழைய துணி அடைச்ச அந்தப் பை. அதுல முழு வேகத்துல ஓங்கி அடிக்கறது தப்பு, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் கெடுதல். பாதி வேகத்துல தட்டி, தட்டின நிலையிலயே நின்னு, கை கிளப்ஹெட்டுக்கு முன்னாடி இருக்கா, லெஃப்ட் மணிக்கட்டு தட்டையா இருக்கா, எடை லெஃப்ட் கால்ல இருக்கான்னு பார்க்கறதுக்கு நல்ல பொருள். இருந்தா உபயோகிங்க, இல்லைன்னா டவலும் கோடும் அந்த வேலையைச் செஞ்சுடும்.

கைக்கும் உடம்புக்கும் நடுவுல வைக்கற எய்டுங்க தனி ரகம். அக்குளுக்குள்ள கிளவுஸோ டவலோ இடுக்கிக்கிட்டு விழாம ஸ்விங் பண்றது ரொம்பப் பழைய வழி, விஜய் சிங் லெஃப்ட் அக்குள்ல கிளவுஸ் வச்சுக்கிட்டு ரேஞ்ச்ல மணிக்கணக்கா அடிக்கறது பிரசித்தம். 2004ல மட்டும் பிஜிஏ டூர்ல (அமெரிக்காவோட தொழில்முறை கோல்ஃப் தொடர்ல) 9 போட்டி ஜெயிச்சு, டைகர் உட்ஸைத் தாண்டி உலக நம்பர் ஒன் ஆனவர் அவர். முன்கை ரெண்டுக்கும் நடுவுல காத்தடைச்ச பந்து வச்சுக்கறதும் இதே குடும்பம்தான். அரை ஸ்விங், பிட்ச் ஷாட்டுக்கு (கிட்ட இருந்து உயரமா தூக்கி அடிக்கறதுக்கு) இது அருமையா வேலை செய்யும், கை தனியா ஓடாம உடம்போட சேர்ந்து திரும்பறது என்னன்னு உணர முடியும். முழு டிரைவர் ஸ்விங்ல வச்சுக்கிட்டு அடிச்சா தோள் இறுகிப் போகும், அதுக்கு வேண்டாம்.

டெம்போவுக்கு, நுனியில கனமான உருண்டையும் நல்லா வளையற ஷாஃப்ட்டும் இருக்கற ஸ்விங் டிரெய்னர். ஆரஞ்ச் விப்ங்கறது பேர் போனது, அதே மாதிரி வேறயும் இருக்கு. மேல போய் நிதானிக்காம அவசரமா இழுத்தா உருண்டை பின்தங்கி ஷாஃப்ட் வளைஞ்சு உங்களைத் தடுமாற வைக்கும், காத்திருந்து இடுப்பால ஆரம்பிச்சா வழவழன்னு வரும். பேக்ஸ்விங்குக்கு எடுக்கற நேரம் டவுன்ஸ்விங்கைப் போல சுமார் மூணு மடங்குன்னு நல்ல ஆட்டக்காரங்க வீடியோவை ஃபிரேம் ஃபிரேமா எண்ணிப் பார்த்தவங்க சொல்றாங்க, வேகமா ஸ்விங் பண்றவங்களுக்கும் மெதுவா பண்றவங்களுக்கும் இந்த விகிதம் பெருசா மாறறதில்ல. இந்த டிரெய்னர் அந்தத் தாளத்தை உடம்புக்குக் காட்டும். ரெண்டு பக்கமும் நிறுத்தாம ஆட்டிட்டே இருக்கறதுதான் முறை, பந்து அடிக்கறதுக்கு இல்ல. ஆட்டத்துக்கு முன்னாடி வார்ம் அப் பண்ணவும் நல்லது. காசு போட்டு ஒரு எய்ட் வாங்கணும்னு நிச்சயமா இருந்தா நான் இதைத்தான் சொல்வேன்.

வேகத்துக்குன்னு விக்கற ஸ்பீட் ஸ்டிக் செட்டும் நீங்க பார்த்திருப்பீங்க. சூப்பர்ஸ்பீட் செட்ல ஒண்ணு டிரைவரைவிட 20 சதவீதம் லேசு, ஒண்ணு 10 சதவீதம் லேசு, ஒண்ணு 5 சதவீதம் கனம், லேசானதை அதிவேகமா வீசி உடம்பை அந்த வேகத்துக்குப் பழக்கறதுதான் யோசனை. பொருள் நல்லதுதான், உங்களுக்கு இப்போ வேண்டாம். திறந்த ஃபேஸோட வேகம் கூடினா ஸ்லைஸும் சேர்ந்து பெருசாகும், முதல்ல பந்து ஒரு பக்கமா அடங்கட்டும். முதுகு பழகாம இதுல இறங்கறதும் ஆபத்து.

கீல் வச்சு மடங்கற கிளப், பிளேன் வளையம் (முதல்ல சொன்ன பெரிய வளைய மெஷின்) எல்லாம் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னா, அதெல்லாம் ஒரு குறிப்பிட்ட ஸ்விங் வடிவத்தைச் சரின்னு முடிவு பண்ணிட்டு உங்களை அதுக்குள்ள தள்ளுது. தொழில்முறை ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கோட ஸ்விங்கைப் பாருங்க, கிளப் செங்குத்தா மேல போய் பெரிய வளையம் போட்டு வேற வழியா இறங்கும், எந்தப் பிளேன் வளையத்துக்குள்ளயும் அந்த ஸ்விங் நுழையாது. அவர் 2003ல யுஎஸ் ஓப்பன் ஜெயிச்சார், 2016 டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்ல ஒரு ரவுண்டை 58 ஸ்ட்ரோக்ல முடிச்சார், பிஜிஏ டூர்ல அதுக்கு முன்னாடி யாரும் 58 அடிச்சதில்ல. இம்பாக்ட்ல ஒவ்வொரு தடவையும் கிளப் ஒரே மாதிரி வந்துது, அவ்வளவுதான் பந்துக்கு வேணும். உங்க உடல்வாகுக்கு எந்த வடிவம் பொருந்தும்னு ஒரு கோச் பார்த்துச் சொல்லி, அவரே ஒரு எய்டைக் கையில கொடுத்தா தாராளமா உபயோகிங்க, அது வேற விஷயம்.

எலக்ட்ரானிக் சாமான்ல மணிக்கட்டுல மாட்டற சென்சார் ரொம்பத் துல்லியமா கோணம் காட்டும், ஆனா அந்த எண்ணை வச்சு என்ன பண்றதுன்னு தெரிஞ்சாத்தான் லாபம், இல்லைன்னா பந்தை விட்டுட்டு எண்ணோட சண்டை போட்டுட்டிருப்பீங்க. லாஞ்ச் மானிட்டர் எங்கயாவது ஒரு மணி நேரம் கிடைச்சா ஃபேஸ் கோணம், பாத் ரெண்டையும் மட்டும் குறிச்சுக்கிட்டு வாங்க, சின்னதா வர்ற மாடல்ல சிலது இதை நேரா அளக்காம பந்தை வச்சு கணக்குப் போட்டுச் சொல்லும், அதை மனசுல வச்சுக்கங்க.

இப்போ பிராக்டிஸ் முறை. டவலோ டப்பாவோ வச்சு மூணு பந்து, எடுத்துட்டு ரெண்டு பந்து. எடுத்துட்டு அடிச்ச ரெண்டுதான் நிஜமான பரீட்சை, அதுல பந்து எப்படிப் போச்சுங்கறதை மட்டும் மனசுல வைங்க. வாரம் போகப் போக விகிதத்தை மாத்துங்க, வச்சு ஒண்ணு, இல்லாம நாலுன்னு. எடுத்ததும் பழைய ஷாட் வந்தா பதறாதீங்க, இன்னும் கொஞ்சம் மெதுவா, இன்னும் சின்ன ஸ்விங்ல பண்ணுங்க. பவுடரைக்கூட ஒவ்வொரு பந்துக்கும் பார்க்காம, எங்க பட்டிருக்கும்னு முதல்ல நீங்களே வாய்விட்டுச் சொல்லிட்டு அப்புறம் பாருங்க. ஹீல்னு சொன்னது ஹீல்லயே இருந்தா உங்க கை தானாவே தகவல் வாங்க ஆரம்பிச்சுடுச்சு, அந்த நாளுக்கு அப்புறம் ஸ்பிரே எப்பவாவது போதும்.

ஒரே கிளப்ல ஒரே இலக்குக்கு அம்பது பந்து அடிக்கறதையும் குறைச்சுக்கங்க. ஷியா, மோர்கன் ரெண்டு பேரும் 1979ல பண்ணின சோதனை கோல்ஃப் இல்ல, கையால செய்யற வேற பணி, ஆனா முடிவு நமக்கும் பொருந்தும்: ஒரே வேலையைத் தொடர்ந்து செஞ்சவங்க பயிற்சி நேரத்துல நல்லா செஞ்சாங்க, மாத்தி மாத்தி செஞ்சவங்க பின்னாடி சோதிச்சப்போ நல்லா செஞ்சாங்க. எய்ட் நேரம் முடிஞ்சதும் டிரைவர், 7 அயர்ன், வெட்ஜ்னு மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் வேற இலக்கு வச்சு அடிங்க. அசிங்கமா இருக்கும், பரவாயில்ல, கோர்ஸ்ல ஒரே ஷாட்டை ரெண்டாவது தடவை யாரும் அடிக்க விட மாட்டாங்க.

மனசை எங்க வைக்கறதுங்கறதும் இருக்கு. கேப்ரியல் வுல்ஃப்ங்கறவங்க சகாக்களோட 1999ல புதுசா கத்துக்கறவங்களை வச்சு பிட்ச் ஷாட்ல சோதனை பண்ணினாங்க, கை அசையறதைக் கவனிக்கச் சொன்ன குழுவைவிட கிளப் அசையறதைக் கவனிக்கச் சொன்ன குழு நல்லா அடிச்சுது. டவலும் டப்பாவும் கோடும் எனக்குப் பிடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம், டவலைத் தொடாதேன்னா கிளப் தன் வழியைத் தானா தேடிக்கும், மணிக்கட்டை இப்படி வை, இடுப்பை இப்படித் திருப்புன்னு அந்தக் கால் செகண்டுக்குள்ள யாராலயும் யோசிக்க முடியாது.

கடைசியா ரூல்ஸ். போட்டியோ ஹேண்டிகேப்புக்கு (ஆட்டத் திறமையைக் காட்டற எண்ணுக்கு) ஸ்கோர் போடற ரவுண்டோ ஆரம்பிச்சாச்சுன்னா ரூல் 4.3 வரும். ஸ்டிக் பேக்ல இருந்தா தப்பில்ல, ஆனா ரவுண்டு நடுவுல அதை வச்சு அலைன்மென்ட் பார்த்தாலோ, கிளப்ல கனமான வளையம் மாட்டி ஸ்விங் பண்ணினாலோ முதல் தடவை ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, ஹோல் ஹோலா மோதற மேட்ச் பிளேன்னா அந்த ஹோல் போச்சு, ரெண்டாவது தடவை டிஸ்குவாலிஃபை. ஸ்டிக் இல்லைன்னு கிளப்பைத் தரையில போட்டு ஸ்டான்ஸ் எடுக்கறதுக்கும் ரூல் 10.2 இருக்கு, அதுல அப்படி ஸ்டான்ஸ் எடுத்துட்டு விலகி வந்து கிளப்பை எடுத்துட்டாலும் பெனால்டி போகாது. ஸ்டிக் வேலையெல்லாம் முதல் டீக்கு முன்னாடி ரேஞ்ச்லயே முடிச்சுக்கங்க, ரவுண்டுல பந்துக்கு ஒரு அடி முன்னாடி கோட்டுல இருக்கற காஞ்ச புல்லையோ பழைய டிவட்டையோ (கிளப் புல்லைப் பேர்த்த தடத்தையோ) குறி வச்சு ஃபேஸை அதுக்கு நேரா வைங்க, அதுக்கு எந்தத் தடையும் இல்ல.